அழுங்காமைக்கு லத்தீனில் என்ன பெயர்?

சீத்தாப்பழம் சாப்பிடாதவர்கள் யாராவது உண்டா? அடுத்த முறை சாப்பிடும்போது, பிய்ப்பதற்கு முன்னால் அந்தத் தோலை ஒரு நிமிடம் பாருங்கள். மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக மேடு தட்டியிருக்கும். ஸ்வீடன் நாட்டுக்காரரான கார்ல் லின்னேயஸ் 1753-இல் இந்த மரத்துக்கு வைத்த பெயர் 'அனோனா ஸ்குவாமோசா'. கேட்டால் ஏதோ மந்திரம் போல இருக்கிறது இல்லையா? லத்தீனில் 'ஸ்குவாமா' என்றால் செதில். 'ஸ்குவாமோசா' என்றால் செதில் நிறைந்தது. அவ்வளவுதான் மந்திரம்!

இதே பெயரைப் போட்டு இன்டர்நெட்டில் படம் தேடிப் பாருங்கள். சீத்தாப்பழத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ராட்சதச் சிப்பி வந்து நிற்கும். அது 'ட்ரைடாக்னா ஸ்குவாமோசா'. லட்சத்தீவு, அந்தமான் பவளப்பாறைகளில் இருப்பது. ஓட்டின் மேல் செதில் செதிலாக மடிப்புகள் இருப்பதால் அதற்கும் அதே பெயர். பாறையிலும் மண்ணிலும் படரும் லைக்கன்களில் ஒரு வகையை 'ஸ்குவாமுலோஸ்' என்பார்கள். சின்னச் சின்னச் செதில்களாக இருப்பது என்று பொருள். ஒன்று பழமரம், ஒன்று கடல் சிப்பி, ஒன்று பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் பார்ட்னர்ஷிப் கம்பெனி! மூன்றுக்கும் சொந்தமே கிடையாது. ஆனால் பெயர் வைத்தவர்கள் மூன்றிலும் கண்ணால் பார்த்தது ஒன்றைத்தான். செதில்.

சரி, இப்போது பட்டினச்சேரிக்கு வருவோம்.

காரைக்காலுக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய மீனவ கிராமம் பட்டினச்சேரி. மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு வருவது இந்தத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத்தான். மீனவர்கள் அவரை 'மாப்பிள்ளை' என்று சொல்லி வரவேற்பார்கள். பெருமாளையே உறவுமுறை சொல்லிக் கூப்பிடுகிற கரை, கடலில் இருக்கும் உயிர்களுக்கு மட்டும் பெயர் வைக்காமல் விட்டிருக்குமா?

தமிழ்க் கடற்கரையில் ஓர் ஆமைக்கு 'அழுங்காமை' என்று பெயர். அழுங்கு என்றால் என்ன தெரியுமா? எறும்புதின்னி. உடம்பெல்லாம் செதிலை அடுக்கி வைத்த மாதிரி இருக்கும், பயந்தால் பந்து போல் சுருண்டுகொள்ளுமே, அந்தக் காட்டு விலங்கு. அந்த ஆமையின் முதுகைப் பார்த்தால் பெயரின் காரணம் உடனே புரிந்துவிடும். மற்ற கடலாமைகளுக்கு முதுகுத் தகடுகள் தரையில் பதித்த டைல்ஸ் மாதிரி பக்கம் பக்கமாக ஒட்டியிருக்கும். இதற்கு மட்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும், அழுங்கின் செதில் போலவே. கடலில் இருக்கும் ஆமையைப் பார்த்துக் காட்டில் இருக்கும் அழுங்கை நினைத்த அந்த முதல் ஆள் யாரோ! கெட்டிக்காரர்.

இதே ஆமைக்கு லின்னேயஸ் 1766-இல் கொடுத்த பெயர் 'இம்ப்ரிகேட்டா'. கூரையில் ஓடு வேய்ந்தது போல் ஒன்றன் மேல் ஒன்று படிந்தது என்று அர்த்தம். பின்னால் வந்தவர்கள் முன்னால் 'எரெட்மோகெலிஸ்' என்று சேர்த்தார்கள். துடுப்பாமை என்று பொருள். ஆக முழுப்பெயர் 'ஓடு வேய்ந்த துடுப்பாமை'. பட்டினச்சேரியில் அடிக்கடி கரை ஒதுங்குகிற சித்தாமைக்கும் (பங்குனி ஆமை என்றும் சொல்வார்கள்) லத்தீன் அகராதியில் 'லெபிடோகெலிஸ்' என்றுதான் பெயர். செதிலாமை!

இப்போது சொல்லுங்கள். 'ஓடு வேய்ந்த ஆமை' என்பது அறிவியல் பெயர், 'அழுங்கு போன்ற ஆமை' என்பது வெறும் வட்டாரப் பெயர் என்றால் அது என்ன நியாயம்? இருவரும் பார்த்தது ஒரே முதுகை. இருவரும் சொன்னது ஒரே விஷயத்தை. ஒருவர் ஸ்வீடனில் உட்கார்ந்து சொன்னார், ஒருவர் வலையை இழுத்துக்கொண்டே சொன்னார்.

லத்தீன் பெயர் வேண்டாம் என்பதல்ல வாதம். உலகம் முழுவதும் ஒரே பெயர் இருப்பதன் வசதி மிகப் பெரியது. ஆனால் ஓர் உயிரினத்தின் படத்தைப் போட்டு அதன் கீழே லத்தீனும் இங்கிலீஷும் மட்டும் அச்சிட்டால், அந்தப் படம் பாதிப் படம்தான். தமிழ்ப் பெயரும் அதே அளவு எழுத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில், மீன் இறங்குதளத்தில், வனத்துறை போர்டில், எங்கெல்லாம் படம் இருக்கிறதோ அங்கெல்லாம்.

<b>முந்நூறு வருடத்துக்கு முன்பே செய்தார்கள்</b>

இது ஒன்றும் புதிய கோரிக்கை இல்லை. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 'ஹோர்டஸ் மலபாரிக்கஸ்' என்று 12 தொகுதிகள் வெளியாயின. கொச்சியில் டச்சு கவர்னராக இருந்த வான் ரீட் தொகுத்தது. கேரளத்துத் தாவரங்கள் 700-க்கும் மேல் படமாக இருக்கின்றன. அந்தப் படங்களில் லத்தீன் எழுத்தோடு மலையாளம், அரபி, நாகரி எழுத்துகளிலும் பெயரைச் செதுக்கினார்கள். செடிகளைப் பற்றிச் சொன்ன இட்டி அச்சுதன் என்ற வைத்தியரின் பெயரும் நூலிலேயே இருக்கிறது. லின்னேயஸ் இந்தியச் செடிகளைப் பற்றித் தெரிந்துகொண்டதில் பெரும்பங்கு இந்த நூலிலிருந்துதான்.

இன்னும் பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது. பட்டினச்சேரியிலிருந்து வடக்கே, காரைக்காலைத் தாண்டிப் போனால் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டென்மார்க்காரர்கள் கையில் இருந்த ஊர். அங்கே 1771-இல் வந்து சேர்ந்தவர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மன் பாதிரியார். 1813-இல் இறக்கும் வரை இந்தக் கரையில்தான் இருந்தார். போதனை நேரம் போக மீதி நேரத்தில் மீன், சிப்பி, பாம்பு என்று சேகரிப்பார். மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த மார்க்கஸ் எலியேசர் பிளாக் என்ற டாக்டருக்கு அனுப்பினார்.

பிளாக் 1782 முதல் 1795 வரை 12 தொகுதிகளாக மீன் புத்தகம் போட்டார். மொத்தம் 432 வண்ணப் படங்கள். கையால் வண்ணம் தீட்டியவை. சில படங்களில் செதில் மின்ன வேண்டும் என்பதற்காக வெள்ளிப் பூச்சு பூசியிருக்கிறார்கள்! ஆனால் ஒரு சங்கடம். சாராயத்தில் ஊறி மாதக்கணக்கில் கப்பலில் போன மீனுக்கு நிறம் எங்கே இருக்கும்? உயிரோடு அந்த மீனைப் பார்க்காதவர்கள் பெர்லினில் உட்கார்ந்து வண்ணம் அடித்தார்கள். சில படங்களில் வண்ணம் தப்பாகிப் போனது.

நிறம் தப்பியது, ஆனால் பெயர் தப்பவில்லை. ஜானின் பெயரால் ஒரு மீன் பேரினத்துக்கு 'ஜானியஸ்' என்று பெயர் வைத்தார் பிளாக். அது நம்மூர் கத்தாளை. அதில் ஒரு வகைக்கு 1793-இல் அவர் வைத்த முழுப்பெயர் 'ஜானியஸ் கருட்டா'. கருட்டா என்பது லத்தீனே இல்லை. 'கருத்த கத்தாளை' என்ற தமிழ்ப் பெயரில் உள்ள 'கருத்த'தான் அது! தரங்கம்பாடிக் கரையில் யாரோ ஒரு மீனவர் சொன்ன சொல், இன்றைக்கும் உலகத்தின் எல்லா மீன் பட்டியலிலும் இருக்கிறது. அந்த மீனவர் பெயர் மட்டும் இல்லை.

இன்னொன்று. கானாங்கெளுத்தியின் அறிவியல் பெயர் 'ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்ட்டா'. பேட்ரிக் ரஸ்ஸல் என்ற டாக்டர் விசாகப்பட்டினத்து மீன்கள் 200-ஐப் படம் போட்டு 1803-இல் புத்தகமாக்கினார். மீன்களுக்கு அந்த ஊர்த் தெலுங்குப் பெயரைக் கொடுத்தார். அதில் ஒன்று கனகுர்ட்டா. பாரீஸில் இருந்த குவியர் 1816-இல் அதையே அறிவியல் பெயராக்கிவிட்டார். பிரான்சிஸ் டேயும் 1875 முதல் 1878 வரை வெளியிட்ட 'இந்திய மீன்கள்' நூலில் மீன்களுக்குத் தமிழ்ப் பெயரையும் சேர்த்தே கொடுத்தார்.

ஆக, வெள்ளைக்காரர்கள் காலத்திலேயே படத்தோடு உள்ளூர்ப் பெயர் போயிருக்கிறது. இன்றைக்குப் படங்கள் லட்சக்கணக்கில் பெருகிவிட்டன, செல்போன் இருக்கிற எல்லோருமே போட்டோகிராபர்தான். பெயர்தான் கூட வருவதில்லை.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொன்னால் சிரிப்பு வரும். மியூசியத்தில் ஆதாரமாக எடுத்து வைக்கும் உயிரின மாதிரிக்கு என்ன பெயர் தெரியுமா? வவுச்சர்! 'வவுச்சர் ஸ்பெசிமன்' என்றே சொல்கிறார்கள். எந்த இடம், எந்தத் தேதி, யார் பிடித்தது என்று சீட்டு கட்டாத வவுச்சரை எந்த ஆய்வாளரும் மதிக்க மாட்டார். நரேஷன் எழுதாத ஜர்னல் என்ட்ரியை ஆடிட்டர் மதிப்பாரா? அதே கதைதான். அந்தச் சீட்டில் அந்தக் கரையின் பெயரும் ஒரு வரி இருக்கட்டுமே என்பதுதான் கேள்வி.

<b>செதிலை எண்ணினால் ஆமை தெரியும்</b>

'இதெல்லாம் மொழிப்பற்று. நடைமுறையில் என்ன பயன்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலும் செதிலிலேயே இருக்கிறது.

இந்தியக் கடலில் ஐந்து வகை ஆமைகள் உண்டு. முதுகின் நடு வரிசைக்கு இருபுறமும் இருக்கும் பக்கத் தகடுகளை எண்ணினாலே பெரும்பாலும் எது என்று சொல்லிவிடலாம்.

பேராமைக்கு நான்கு ஜோடி, பக்கம் பக்கமாக ஒட்டியிருக்கும். அழுங்காமைக்கும் நான்கு ஜோடிதான், ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும், வாய் கிளி மூக்கு மாதிரி வளைந்திருக்கும். பெருந்தலை ஆமைக்கு ஐந்து ஜோடி. சித்தாமைக்கு ஆறும் அதற்கு மேலும், சில சமயம் இடப்பக்கம் ஒரு கணக்கு, வலப்பக்கம் ஒரு கணக்கு. ஐந்தாவதற்குத் தகடே கிடையாது. தோல் போர்த்திய முதுகில் நீளவாக்கில் ஏழு வரம்புகள் ஓடும். அதன் தமிழ்ப் பெயர் எழுவரி ஆமை.

கவனித்தீர்களா? எழுவரி, பெருந்தலை, அழுங்கு... பெயரிலேயே அடையாளம் இருக்கிறது. எந்தப் புத்தகமும் இல்லாமல் ஆமையைப் பிரித்தறிய வழி சொல்லும் பெயர்கள் இவை. ஒரு படத்துக்குக் கீழே 'எரெட்மோகெலிஸ் இம்ப்ரிகேட்டா' என்று மட்டும் எழுதினால் பட்டினச்சேரியில் பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு அது பரீட்சைக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு வார்த்தை. 'அழுங்காமை' என்றும் சேர்த்து எழுதினால் அது அவள் தாத்தாவுக்குத் தெரிந்த ஆமை. வீட்டுக்குப் போய்க் கேட்பாள். தாத்தா இன்னும் நாலு விஷயம் சேர்த்துச் சொல்வார்.

அந்த நாலு விஷயத்தில் ஒன்று உயிரையே காப்பாற்றக்கூடியது. அழுங்காமையின் கறி சில சமயம் விஷம். அது கடல் பஞ்சுகளைத் தின்று வாழ்வது. அந்த உணவிலிருந்து விஷம் சேர்வதாகக் கருதுகிறார்கள். சமைத்தாலும் போகாது. மன்னார் வளைகுடாப் பக்கம் ஆமைக்கறி தின்று இறந்தவர்கள் உண்டு. எந்த ஆமை என்று தெரியாமல் போவதன் விலை அது.

அடுத்தது சட்டம். 1972-ஆம் வருடக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடலாமைகள் இருக்கின்றன. அட்டவணை ஒன்றில் உள்ள விலங்கை வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. அந்த அட்டவணையில் உயிரினங்கள் இங்கிலீஷிலும் லத்தீனிலும்தான் இருக்கின்றன. 2001 ஜூலையில் ஒரே அறிவிப்பில் சுறா, திருக்கை இனங்கள் எல்லாவற்றையும் பிடிக்கக் கூடாது என்றார்கள். மீனவர்கள் எதிர்த்த பிறகு, அதே வருடம் டிசம்பரில் குறிப்பிட்ட சில இனங்கள் மட்டும் என்று குறைத்தார்கள். எந்தச் சில? அதில் வேளாவும் ஒன்று. ரம்பம் போல நீண்ட மூக்கு உள்ள மீன். (அந்த ரம்பப் பற்கள் உண்மையில் பற்களே அல்ல, உருமாறிய செதில்கள்! செதில் இங்கேயும் விடவில்லை.) 'ப்ரிஸ்டிஸ்' என்று நோட்டீஸ் ஒட்டினால் யாருக்குப் புரியும்? 'வேளா' என்று எழுதிப் படமும் போட்டால் படகில் ஏறுகிற எல்லோருக்கும் புரியும். ஒருவரை ஒரு பெயரைச் சொல்லி ஜெயிலில் போட முடியும் என்றால், அந்தப் பெயரை முதலில் அவர் மொழியில் சொல்லிவிட வேண்டும். இது அடிப்படை நியாயம்.

சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அழுங்கையும் அழுங்காமையையும் மனிதன் வேட்டையாடியதற்குக் காரணம் அந்தச் செதில்தான். ஆமையின் தகட்டில் சீப்பும் கண்ணாடி ஃபிரேமும் செய்தார்கள், அழுங்கின் செதிலை மருந்து என்று விற்றார்கள். இரண்டுமே நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின். நகத்துக்காக ஓர் இனத்தையே அழிப்பது போன்ற மடத்தனம்! 2025 ஜனவரியில் சென்னைப் பக்கக் கடற்கரையில் சித்தாமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பாதுகாப்பு கட்டாயம் வேண்டும். பாதுகாக்கிறவர்களும் மீனவர்களும் ஒரே உயிரை ஒரே பெயரில் பேசிக்கொள்ள முடிந்தால்தான் அது நடக்கும்.

<b>எதிர்த்தரப்பும் சரிதான்</b>

தமிழ்ப் பெயருக்கு எதிராக ஒரு நல்ல வாதம் உண்டு. ஊருக்கு ஊர் பெயர் மாறும். சென்னையில் ஷீலா என்றால் பாராகுடா. தூத்துக்குடியில் சீலா என்றால் வஞ்சிரம். இரண்டும் வேறு வேறு மீன், விலையும் வேறு! மத்திக்கு மட்டும் சாளை, நெய்ச்சாளை, பேச்சாளை என்று எத்தனை பெயர். இதில் எதைப் போடுவது?

எல்லாவற்றையும் போட வேண்டியதுதான், ஊர்ப் பெயரோடு. குழப்பம் வருவது பெயரை மட்டும் எழுதும்போதுதான். படமும் பக்கத்தில் இருந்தால் தூத்துக்குடிக்காரருக்கும் சென்னைக்காரருக்கும் சண்டையே வராது. படம் எந்த ஊர்க்காரருக்கும் புரியும். லத்தீன் பெயர் எல்லா ஊருக்கும் பொதுப் பூட்டு, தமிழ்ப் பெயர்கள் ஒவ்வொரு ஊருக்கும் தனிச் சாவி. மூன்றும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும்.

தமிழில் இல்லாதது இல்லை என்று மார்தட்டவும் முடியாது. லைக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டுச் சமையலில் போடும் கல்பாசி ஒரு லைக்கன்தான். பிரியாணியில் வாசனை பார்த்திருப்பீர்கள், லைக்கன் என்று தெரிந்திருக்காது. பிச்சாவரம் அலையாத்தி மரங்களில் வெளிறிய நாடாக்கள் போலத் தொங்குவதும் லைக்கன்தான், 'ரோசெல்லா மாண்டேனி'. இந்த வகையிலிருந்து ஊதாச் சாயம் எடுப்பார்கள். அதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் பெலாஞ்சர், 1826-இல் பாண்டிச்சேரித் தாவரவியல் பூங்காவைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர். மாண்டேன் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரரின் பெயரை அதற்கு வைத்தார். கடலில் மிதப்பதும் பாசி, குளத்துப் படிக்கட்டில் வழுக்குவதும் பாசி, மரத்தில் தொங்குவதும் பாசி என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தமிழ் இங்கே கொஞ்சம் சோம்பேறித்தனம் காட்டியிருக்கிறது. பரவாயில்லை, இனிமேல் வைக்கலாம். ஸ்குவாமுலோஸ் வகையைச் 'செதில் பாசி' என்றால் யாருக்குப் புரியாது? கடலோரத்துக்காரர்கள் ஆமைக்குச் செய்ததைத்தான் செய்ய வேண்டும். முதலில் பார்க்க வேண்டும், பிறகு பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

<b>நேரம் குறைவு</b>

பெயர்கள் புத்தகத்தில் இருப்பதை விட ஆட்களிடம் அதிகம் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு காரைக்கால் கடலோரத்தில் பல குடும்பங்கள் கரையை விட்டுத் தள்ளிக் கட்டிய வீடுகளுக்குப் போய்விட்டன. பிள்ளைகள் காலேஜுக்கும் வெளிநாட்டு வேலைக்கும் போகிறார்கள். போக வேண்டியதுதான், யாரும் கட்டுமரத்திலேயே கிடக்க வேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் வலையில் வந்து விழுகிற ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பிரித்துப் போடத் தெரிந்த தலைமுறைக்கு வயதாகிக்கொண்டே போகிறது. ஜான் பாதிரியார் காலத்தில் ஒரு பெயர் பெர்லின் போய்ச் சேர மீன் கப்பலேற வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு போட்டோ, கீழே நாலு வார்த்தை. அரை நிமிட வேலை.

அரசாங்கம் செய்யட்டும், பல்கலைக்கழகம் செய்யட்டும். அதற்கு முன்னால், மீன் வாங்கப் போகும்போது ஏலம் போடும் அக்காவிடம் ஒரு மீனையாவது காட்டி "இதுக்கு என்னக்கா பேரு?" என்று கேட்டுப் படத்தோடு எழுதி வைக்கலாம். ஊர், தேதி, அவர் அனுமதித்தால் அவர் பெயர். கருத்த கத்தாளை என்று சொன்ன அந்த மீனவரின் பெயர் விட்டுப்போனது போல இன்னொரு முறை விட்டுப்போக வேண்டாம்.

அழுங்காமைக்கு லத்தீனில் என்ன பெயர் என்று இப்போது தெரிந்துவிட்டது. உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர்?